சினம் தணிக்கும் நான்கு திறன்கள்

நண்பகல் கடந்த வேளை. செம்பனைக் காட்டில் குலை அறுத்துவிட்டு லயத்திற்குத் திரும்புகிறார் ஒரு தொழிலாளி. அன்று அவர் அறுத்துச் சாலையோரம் அடுக்கிவைத்த குலைகளுள் 12 குலைகளைக் ‘காய்’ என்று ஒதுக்கிப் பிடித்தம் எழுதிவிட்டார் தண்டல். அவற்றுள் பல நன்கு பழுத்தவை என்பது இவருடைய எண்ணம். கூலி குறைந்ததைவிட, பலர் முன்னிலையில் “உனக்குக் கண் தெரியவில்லையா?” என்று கேட்கப்பட்டதே இவருடைய நெஞ்சைச் சுடுகிறது. வீட்டிற்குள் நுழைந்ததும், சோறு இன்னும் ஆகவில்லை என்று மனைவியின்மீது பாய்கிறார். மனைவி மகனைக் கடிந்துகொள்கிறார். மகன் புத்தகத்தை வீசி எறிந்துவிட்டு வெளியே போகிறான். இருட்டியபின் தொழிலாளி சம்சுப் போத்தலை நாடுகிறார். மறுநாள் காலைப் பிரட்டில் தண்டலின் முகத்தைக் கண்டதும், தம் கையில் உள்ள அரிவாளின் நினைவு அவருக்கு வருகிறது.

இக்காட்சி எந்தத் தோட்டத்திலும் நிகழக்கூடியதே. அந்த அரிவாள் ஓங்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஓங்கப்படாவிட்டாலும், ஒரு தகாத சொல் போதும். தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வேலையோடு கொடுக்கப்பட்ட வீடும் போகலாம். ஒரு நிமிடச் சினம் ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிடக்கூடும்.

சினத்தை அடக்குக என்று கூறாத சான்றோர் இல்லை. வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். ஆயினும், ‘அடக்க வேண்டும் என்பது தெரிகிறது, எப்படி அடக்குவது?’ என்ற கேள்விக்கு விடை தெரியாமலே நம்மில் பலர் தவிக்கிறோம். நீந்தக் கற்றுக்கொடுக்காமல் ஒருவனை ஆற்றில் இறக்கிவிட்டு, ‘மூழ்காதே’ என்று கரையிலிருந்து கூவுவதால் பயனில்லை. மனத்தை ஆள்வதும் நீச்சலைப் போன்றதொரு திறனே. கற்றுக்கொண்டால் வரும், பழகினால் நிலைக்கும். இந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த ஒரு மனநலச் சிகிச்சை முறையைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

முறை பிறந்த வரலாறு

இம்முறையை உருவாக்கியவர் மார்ஷா லினெஹான் என்னும் அமெரிக்கப் பெண்மணி. இவர் 1943ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். தாங்கவொண்ணா மனவேதனையால் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் பெண்களுக்கு உதவும் வழியை இவர் தேடினார். ‘நீ மாற வேண்டும்’ என்று மட்டும் கூறியபோது, ‘என் துன்பம் இவருக்குப் புரியவில்லை’ என்று அப்பெண்கள் மனம் உடைந்தனர். ‘உன் நிலை எனக்குப் புரிகிறது’ என்று மட்டும் கூறியபோதோ, அவர்களுடைய துன்பம் தீரவில்லை. எனவே ஏற்றுக்கொள்ளுதல், மாற்றிக்கொள்ளுதல் ஆகிய இரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் முறையை வகுத்தார். இதன் பயனைக் காட்டும் அவருடைய முதல் ஆய்வு 1991இல் வெளிவந்தது. இச்சிகிச்சை பெற்ற பெண்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்த அளவிலேயே தம்மை வருத்திக்கொண்டனர். மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. 1993இல் இம்முறையை விளக்கும் நூல்களை அவர் வெளியிட்டார்.

2011ஆம் ஆண்டு லினெஹான் அம்மையார் உலகறிய ஓர் உண்மையை வெளியிட்டார். 1961இல், தமது 17ஆம் வயதில், தாமும் இதே வேதனையால் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர் என்பதே அவ்வுண்மை. தாம் விழுந்த பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர், பிறர் ஏறுவதற்கும் ஏணி அமைத்துக் கொடுத்தார் எனலாம்.

ஆங்கிலத்தில் ‘டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி’ என வழங்கும் இதனை நாம் ‘முரண் இணைவு நடத்தைச் சிகிச்சை’ என்று கூறலாம். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு உண்மைகள் ஒரே வேளையில் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இதன் அடிப்படை. ‘தண்டல் என்னை இழிவாகப் பேசியது தவறு’ என்பது உண்மை. ‘காய்க்குலை கலந்தால் ஆலையில் எண்ணெய் குறையும், அதைத் தடுப்பது தண்டலின் கடமை’ என்பதும் உண்மை. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை மறுக்கும்போதுதான் சண்டை முற்றுகிறது. ‘ஆனால்’ என்னும் சொல்லை விட்டு, ‘அதேவேளையில்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால் பாதிச் சச்சரவு தணிந்துவிடும்.

இனி, இம்முறையில் கற்பிக்கப்படும் நான்கு திறன்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் திறன்: விழிப்புடன் இருத்தல்

இது மற்ற மூன்றுக்கும் அடித்தளம். லினெஹான் அம்மையார் ஜென் பௌத்தத் தியானத்தைப் பயின்று, அதன் சாரத்தைச் சமயச் சார்பின்றி எவரும் பழகும் வண்ணம் எளிமையாக்கித் தந்தார்.

நம் மனத்திற்கு மூன்று நிலைகள் உண்டு என்கிறது இம்முறை. உணர்ச்சியே ஆட்சி செய்யும் நிலை ஒன்று. கணக்கும் காரணமும் மட்டுமே ஆட்சி செய்யும் நிலை மற்றொன்று. இவ்விரண்டும் கலந்து தெளிந்த நிலை மூன்றாவது. அதனை ‘அறிவார்ந்த மனம்’ என்பர். ‘அவனை வெட்டிவிட வேண்டும்’ என்பது உணர்ச்சி மனம். ‘12 குலைக்கு எவ்வளவு பிடித்தம்? அவ்வளவுதானே’ என்பது வெறுங்கணக்கு மனம். ‘எனக்கு மானம் பெரிது, என் பிள்ளையின் படிப்பும் பெரிது, இரண்டையும் காக்கும் வழி யாது?’ என்று கேட்பது அறிவார்ந்த மனம்.

இந்நிலையை அடைய, முதலில் நிகழ்ந்ததையும் நாம் அதற்குச் சூட்டிய பெயரையும் பிரித்தறியப் பழக வேண்டும். ‘தண்டல் 12 குலைகளை ஒதுக்கினார், உனக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டார்’ என்பது நிகழ்ச்சி. ‘தண்டல் என்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்’ என்பது நமது தீர்ப்பு. கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஆகியவற்றை மட்டும் மனத்திற்குள் சொல்லிப் பாருங்கள். ‘என் நெஞ்சு படபடக்கிறது, எனக்கு அவமானமாக இருக்கிறது’ என்று உணர்ச்சிக்கும் பெயரிடுங்கள். பெயரிடப்பட்ட உணர்ச்சியை எட்டி நின்று பார்க்க இயலும். அதன் பிடியும் சற்றே தளரும்.

ஒரு வேளையில் ஒரு செயலை மட்டும் முழு மனத்தோடு செய்வதும் இத்திறனின் பகுதியே. பால்மரம் வெட்டும் அன்பர்கள் இதனை நன்கறிவர். பட்டையின் ஆழம் அறிந்து, மரத்தில் காயம் படாமல் உளியை இழுக்கும்போது மனம் வேறெங்கும் போவதில்லை. அந்த ஒருமையை உண்ணும்போதும், பிள்ளையோடு பேசும்போதும் பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் திறன்: இடரைத் தாங்குதல்

வெள்ளம் பெருகி வரும்போது அணை கட்ட இயலாது. மேட்டில் ஏறி நின்று உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது எந்தச் சிக்கலையும் தீர்க்க முனையக்கூடாது. நிலைமையை மேலும் கெடுக்காமல் அந்த நேரத்தைக் கடத்துவதே வெற்றியாகும். அதற்குரிய நான்கு படிகளைக் காண்க.

நில்: கையையும் நாவையும் அசைக்காதீர்கள். விலகு: ஓரடி பின்வாங்குங்கள், இயன்றால் அவ்விடத்தை விட்டு அகன்று மூச்சு விடுங்கள். பார்: உள்ளே என்ன நிகழ்கிறது, எதிரே என்ன நிகழ்கிறது என்று நோக்குங்கள். பிறகு செய்: எதைச் செய்தால் நாளைக்கு நன்மை என்று எண்ணி, அதை மட்டும் செய்யுங்கள்.

அறிவுரை ஏறாத அளவுக்கு உடல் கொதிக்கும் வேளையில், உடலின் வழியாகவே மனத்தைத் தணிக்க வேண்டும். மூச்சைச் சற்றே அடக்கி, குளிர்ந்த நீரில் சிறிது நேரம் முகத்தை அமிழ்த்தினால் இதயத் துடிப்பு மெதுவாகும். இஃது உடலின் இயல்பான எதிர்வினை. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது.) விரைந்து நடத்தல், விறகு பிளத்தல் போன்ற கடும் உழைப்பும் உதவும். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளுமாறு சில நிமிடங்கள் மூச்சு விடுவதும் பயன் தரும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடலாம்.

சம்சுவும் பீரும் இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்கவும். மது அந்த நேரத்து வலியை மறைக்கலாம். கூடவே ‘நில்’ என்று சொல்லும் அறிவையும் மறைத்துவிடும். ‘இதைச் செய்தால் இப்போது என்ன, நாளைக்கு என்ன? செய்யாவிட்டால் இப்போது என்ன, நாளைக்கு என்ன?’ என்று நான்கு கட்டங்களாக ஒரு தாளில் எழுதி, மனம் அமைதியாக இருக்கும்போதே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரம் வரும்போது அதனை எடுத்துப் பார்க்கலாம்.

இத்திறனின் இரண்டாம் பகுதி, மாற்ற இயலாததை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளுதல். இது மிகக் கடினமானது. மூன்று தலைமுறையாக உழைத்த தோட்டம் விற்கப்படுகிறது, பால்மரங்கள் சாய்கின்றன, அங்கே வீடமைப்புப் பகுதி எழப்போகிறது. ‘இப்படி நடந்திருக்கக்கூடாது’ என்று நாள்தோறும் நெஞ்சில் அடித்துக்கொண்டாலும் சாய்ந்த மரம் நிமிர்வதில்லை. ஏற்றுக்கொள்ளுதல் என்பது நடந்தது நியாயம் என்று ஒப்புவதாகாது. நடந்தது நடந்துவிட்டது என்று காண்பது. அப்படிக் கண்டவர்தான் இழப்பீடு என்ன, மாற்று வீடு உண்டா, தொழிற்சங்கத்தின் வாயிலாக யாரை அணுகுவது என்று அடுத்த அடி எடுத்துவைக்க இயலும். ஏற்க மறுப்பவரின் வலிமையெல்லாம் நேற்றோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

மூன்றாம் திறன்: உணர்ச்சியைச் சீர்செய்தல்

உணர்ச்சிகள் நம் பகைவர்கள் அல்ல. அச்சம் ஆபத்தை உணர்த்துகிறது. சினம் அநீதியை உணர்த்துகிறது. துயரம் நாம் எதை மதித்தோம் என்பதை உணர்த்துகிறது. அவை சொல்லும் செய்தி உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பதே நமது கடமை. ‘சோறு ஆகாததற்குக் காரணம் மனைவியின் அலட்சியம்’ என்று சினம் கூறுகிறது. உண்மையில் அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. செய்தி பொய்யானால் சினத்திற்கு இடமில்லை.

உணர்ச்சி உண்மைக்குப் பொருந்தாதபோதும், அதன்படி நடந்தால் கேடு வரும்போதும், அது தூண்டுவதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும். சினம் பாயத் தூண்டும். மெல்ல விலகி, இயன்றால் ஒரு சிறு அன்புச் செயல் செய்க. துயரம் சுருண்டு படுக்கத் தூண்டும். எழுந்து வேலை ஒன்றைத் தொடங்குக. அச்சம் ஓடத் தூண்டும். ஆபத்து இல்லையென்று உறுதியானால், அஞ்சியதை நோக்கிச் செல்க. அரைமனத்தோடு செய்தால் பயனில்லை. முகம், குரல், உடல் அனைத்தும் மாற வேண்டும்.

உடல் நலிந்தால் உள்ளமும் நலியும். ஆகவே நோய்க்கு உடனே மருந்து உண்ணுதல், நேரத்தில் சத்துள்ள உணவு, மதுவும் போதைப் பொருளும் தவிர்த்தல், போதிய உறக்கம், உடற்பயிற்சி என ஐந்தினையும் இம்முறை வலியுறுத்துகிறது. விடியுமுன் வேலைக்குச் செல்வோர் நள்ளிரவுவரை தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மறுநாள் சிறு சொல்லும் பெரும்புண்ணாகும்.

நான்காம் திறன்: பிறரோடு பழகுதல்

கேட்க வேண்டியதைக் கேட்கவும், மறுக்க வேண்டியதை மறுக்கவும் வேண்டும். உறவும் கெடக்கூடாது, தன்மானமும் குறையக்கூடாது. இதற்கும் வழி உண்டு. நிகழ்ந்ததைக் கூறு, உன் உணர்வைக் கூறு, வேண்டுவதைத் தெளிவாகக் கேள், அதனால் இருவருக்கும் விளையும் நன்மையை எடுத்துக்காட்டு. பேச்சு திசை மாறினாலும் பொருளைவிட்டு விலகாதே. நிமிர்ந்து நின்று பேசு. தேவையானால் விட்டுக்கொடுத்து உடன்பாடு காண்.

நம் தொழிலாளி பிரட்டு முடிந்தபின், தண்டலைத் தனியே கண்டு இவ்வாறு பேசுகிறார் என்று கொள்வோம்: “அண்ணே, நேற்று என் பெயரில் 12 காய்க்குலை எழுதியிருக்கிறீர்கள். எல்லார் முன்னும் கண் தெரியவில்லையா என்று கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. இனி ஒதுக்கும் குலையை எனக்குக் காட்டிவிட்டு எழுதுங்கள். குறை இருந்தால் நான் திருத்திக்கொள்வேன்; உங்களுக்கும் மேலிடத்தில் பேச்சு வராது.”

தண்டல், “எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று சிடுசிடுக்கலாம். “உங்களுக்கு வேலை அதிகம் என்பது தெரியும், அண்ணே. அதேவேளையில், என் கூலியும் எனக்கு முக்கியம். வாரத்தில் இரண்டு நாள் காட்டினாலும் போதும்” என்று இவர் தொடரலாம்.

இதில் ஏச்சு இல்லை, கெஞ்சலும் இல்லை. தவறு செய்யாதபோது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பதும் தன்மானத்தைக் குறைக்கும் என்கிறது இம்முறை. எதிரே இருப்பவரின் நிலை புரிகிறது என்று காட்டுவதும் இங்கே முக்கியம். அது தோல்வியன்று, கதவைத் திறக்கும் சாவி. இதே முறையை வீட்டிலும் கையாளலாம். புத்தகத்தை எறிந்த மகனிடம், “தம்பி, அப்பா கத்தியது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அது என் தவறு. அதேவேளையில், புத்தகத்தை எறிவது சரியில்லை. வா, எடுத்து வைப்போம்” என்று கூறும் தகப்பனார் சிறுமைப்படமாட்டார், உயர்ந்தே நிற்பார்.

எல்லையை அறிவோம்

இப்பாடத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. பொறுத்தல் என்பது கொடுமைக்கு உட்படுவதாகாது. நயமாகப் பேசியும் கூலிக் குறை தீரவில்லையென்றால், தொழிற்சங்கக் கிளையையும் தொழிலாளர் இலாகாவையும் நாடுவது நமது உரிமை. கணவரின் அடியைத் தாங்கிக்கொள்ளுமாறு எந்தப் பெண்ணுக்கும் இப்பாடம் கூறவில்லை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம்.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமாயின், அதனை மறைக்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே கூற வேண்டும். மருந்தகத்திற்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கொண்டிருந்த சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. ஆகவே உதவி நாடுவதற்கு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய எண்ணத்தின் உச்சநிலை பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் உயிர் தப்பும். இதனால்தான் களைக்கொல்லி முதலிய நச்சு மருந்துகளை வீட்டில் வைக்காமல், பூட்டிய ஸ்டோரிலேயே வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். மிகக் கொடிய ‘பாராகுவாட்’ மருந்தை 2020 முதல் நம் நாடு தடைசெய்ததும் நினைவுகூரத்தக்கது.

முழுமையான சிகிச்சை, பயிற்சி பெற்றவர்களால் தனியாகவும் குழுவாகவும் வாரந்தோறும் அளிக்கப்படுவது. ஓராண்டு வரை நீளக்கூடியது. இக்கட்டுரை அதற்கு ஈடாகாது. ஆயினும், அன்றாடச் சச்சரவுகளுக்கு இத்திறன்கள் நல்ல கைத்தடியாகும்.

பயிற்சி

ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நாள்தோறும் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். இரண்டாம் வாரம் ‘நில், விலகு, பார், பிறகு செய்’ என்பதைச் சிறு எரிச்சல்களில் பழகுங்கள். மூன்றாம் வாரம் சினம் வந்த ஒவ்வொரு முறையும், நிகழ்ந்தது என்ன, நான் சூட்டிய தீர்ப்பு என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். நான்காம் வாரம், நெடுநாளாகக் கேட்கத் தயங்கிய ஒன்றை மேலே கூறியவாறு கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் படித்துக் காட்டி உதவலாம்.

முதல் நாளே வெற்றி கிட்டாது. உளி பிடித்த முதல் நாளில் மரத்தைக் காயப்படுத்தாதவர் யார்? நாள்தோறும் பழகியபின் அதே கை, இருளிலும் தவறாமல் வெட்டுகிறது. மனமும் அவ்வாறே பழகும். நம் தொழிலாளி மறுநாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, ஒருமுறை நீண்ட மூச்சு விட்டாரானால், அவருடைய மனைவியும் மகனும் அந்த வீட்டில் அச்சமின்றி உறங்குவர். அந்த ஒரு மூச்சை இன்று முதலே பழகுவோமாக.